பண்ணைப் பாலத்தில் கேட்ட குரல்

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும், முன்சீற்றில் இருந்த பெண்ணின் போன் இரையத் தொடங்கியது. அதில் விரலளவு கருவியொன்றும் சின்ன அன்ரெனாவும் தொங்கின.

"உது என்ன மச்சாள்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மலிவான யூஎஸ்பி சாமான். போனிலை கொழுவினால், கடலிலை போட்டுக்காரர் வோக்கிடோக்கியிலை கதைக்கிறது கேக்கும். நாங்கள் திருப்பிக் கதைக்கேலாது."

இரைச்சலுக்குள் ஓர் ஆண்குரல்: "எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணியும் ஏறுது. கெதியா வாடாப்பா!"

"ஐயோ, எங்கடை அண்ணையெல்லே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பொறு, கதையாதை."

இன்னொரு குரல் வந்தது: "வாறன், கயித்தை எடுத்து வை. உன்ரை வீட்டை சொல்லட்டே?"

"வேண்டாம். அவள் பயந்திடுவாள்."

போன் வைத்திருந்த அவனுடைய மனைவி அதை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் பயப்பிடேல்லையப்பா. நீங்கள் தண்ணியை இறையுங்கோ."