எட்டுப் பேர், பதினொரு நாள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். போலீஸ் வேலையில் லத்தியைவிட அதுதான் எனக்கு உதவியது. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த சாதாரணக் காவலனை ரகசிய விசாரணைப் பிரிவில் உட்கார வைத்தது அதுதான். அதனால் இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன். உங்கள் ரைட்டருக்குச் சிரமம் வேண்டாம்.

நீங்கள் கேட்டது 1992 மார்ச்சில் நடந்த மூன்று நாளைப் பற்றி. ஆனால் என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் அந்த மூன்று நாள் புரியும். ஒருவருக்குப் பெரிய பதவி கொடுப்பதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று மேலே இருப்பவர்கள் எங்களைக் கேட்பார்கள். நாங்கள் விசாரித்து எழுதுவோம். சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்கலாம் என்பதுதான் முறை. ரேஷன் கடை, பால் டிப்போ, இஸ்திரி வண்டி. ஒரு வீட்டைப் பற்றி இஸ்திரிக்காரருக்குத் தெரியாதது அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது என்பது என் அனுபவம்.

படிவத்தில் ஒன்பது கட்டங்கள். ஏழாவது கட்டம், ஐயத்துக்குரிய தொடர்புகள். மற்ற ஏட்டுகள் அதில் 'இல்லை' என்று எழுதி அனுப்புவார்கள். நான் எழுத மாட்டேன். 'இல்லை' என்று எழுதினால் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை என்று பொருள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஆபீசில் என்னைக் கிண்டல் செய்வார்கள். "அரிச்சந்திரனப் பத்தி வெசாரிக்கச் சொல்லு, நம்ம சென்னகிருஷ்ணன் ஏழாங் கட்டத்துக்கு ஒரு வரி கொண்டாந்துருவான்." எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் அறிக்கைகளை அதிகாரிகள் தேடிப் படித்தார்கள்.

அந்த ஜனவரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்கு நியமிக்கப்பட இருந்தவர்களின் பட்டியல் வந்தது. எங்கள் பகுதியில் இரண்டு பேர். ஒருவர் பர்கூர் கிரானைட் முதலாளி. அவருக்கு ஏழாம் கட்டத்தில் கோயில் திருப்பணிக் கமிட்டிகளோடு தொடர்புடையவர் என்று எழுதினேன். இன்னொருவர் முனவர் பேகம். பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். கணவர் லால் பாஷா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில், சொந்த வீட்டில் மகள் வஜிஹாவோடு இருந்தார்.

அவர் குழுவுக்குப் போனால் என்ன செய்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊத்தங்கரையில் பரீட்சை மையம் வேண்டும் என்று நான்கு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். முதல் பஸ் வராத நாளில் அங்கிருந்து வரும் பெண்கள் பரீட்சையை விட்டுவிடுவார்கள், பிறகு படிப்பையே விட்டுவிடுவார்கள், கல்யாணம் ஆகிவிடும். என் ஊர்ப் பெண்கள்தான். நல்ல கோரிக்கை. அதையும் நான் பொதுச் சேவைக்கான நான்காம் கட்டத்தில் எழுதினேன்.

மத்திகிரிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். சட்டை, வேட்டி. இஸ்திரி வண்டிக்காரர் பெயர் சம்பங்கி.

"அந்த டீச்சரம்மா எப்படி?" என்றேன்.

"தங்கமான மனுஷி சார். இன்னா, பொண்ணு பாக்க வந்துக்கினு கீறீங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்க. வீட்டுக்கு யாரு வராங்க, போறாங்க?"

"யாரு வருவாங்க. படிக்கிற புள்ளைங்க வரும். போன மாசம் ஆத்துத்தண்ணி கலாட்டாவுல பெங்களூருல இருந்து அடிபட்டு ஓடியாந்தாங்க இல்ல, அதுல ஒரு குடும்பத்த இட்டாந்து வெச்சிருந்தாங்க. எட்டுப் பேரு. பதினோரு நாளு வெச்சி சோறு போட்டாங்க. யாரு செய்வாங்க சார் இந்தக் காலத்துல?"

ஆபீசுக்கு வந்து ஏழாம் கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'டிசம்பர் மாதத்தில் வெளிமாநிலத்திலிருந்து வந்த, அடையாளம் அறியப்படாத தமிழ் பேசும் நபர்கள் எட்டுப் பேர் மேற்படியாரின் வீட்டில் பதினொரு நாள் தங்கிச் சென்றதாக நம்பகமான விசாரணையில் தெரிய வருகிறது.'

இதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அடிபட்டு என்ற வார்த்தையை விட்டேன். சோறு போட்டார் என்பதை விட்டேன். கட்டம் சின்னது. முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட அந்த மே மாதத்துக்குப் பிறகு, முகம் தெரியாத தமிழர் ஒரு வீட்டில் தங்கினார் என்று எழுதினால் அதை மேலே எப்படிப் படிப்பார்கள் என்பது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பிப்ரவரியில் கிரானைட் முதலாளிக்கு நியமனம் வந்தது. முனவர் பேகத்துக்கு வரவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் இல்லை. அவரும் கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் காகிதம் நிற்கிற இடத்தில் நிற்காது. மார்ச் முதல் வாரம் வெளியிலிருந்து ஒரு தனிக்குழு வந்து அவரை விசாரணைக்கு அழைத்துக்கொண்டு போயிற்று. தொழிற்பேட்டைப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு கட்டிடம். உள்ளூர் ஆள் வேண்டும் என்று என்னையும் போட்டார்கள். காவலுக்கு ரங்கம்மா என்ற பெண் போலீஸ்.

குழுவின் அதிகாரி முரட்டு ஆள் இல்லை. கை நீட்டவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. அவருக்கு வேண்டியது எட்டுப் பெயர்கள்.

"சொல்லிட்டீங்கன்னா சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம்மா" என்றார்.

"அடிபட்டு வந்தவங்க சார். கைக்கொழந்த இருந்துச்சு. பேரு மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அந்தக் குடும்பத்துப் பொண்ணுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். நான் சுவர் ஓரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதிகாரி கவனித்திருப்பார். அதற்காகத்தான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்த எட்டுப் பேர் யார் என்று நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். என் தங்கை சாந்தம்மா, அவள் புருஷன், மூன்று குழந்தைகள், மாமனார், மாமியார், கொழுந்தன். பெங்களூரில் அவர்கள் குடிசை எரிந்துபோயிற்று. லாரியில் ஏறி ஓசூர் வந்து, பஸ் ஸ்டாண்டில் பந்தோபஸ்துக்கு நின்ற என்னைக் கண்டுபிடித்தார்கள். மச்சான் தலையில் துண்டால் கட்டு. மாமியார் காலில் ஒற்றைச் செருப்பு. "அண்ணா, வந்துட்டோம்ணா" என்றாள் சாந்தம்மா. இங்கேயே உட்காருங்கள், வண்டி பிடித்து வருகிறேன் என்றேன். பிறகு குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள், நானும் என் மனைவி சரோஜம்மாளும் மட்டும்தான். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல முடியாது. எட்டுப் பேரும் வரிசையாகப் போலீஸ் லைனுக்குள் நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் சோற்றுப் பொட்டலம் கொடுக்க வந்த முனவர் பேகம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் அங்கே தங்கிய மூன்றாம் நாள் முனவர் பேகம் ஸ்டேஷனுக்கே என்னைத் தேடி வந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"உங்க தங்கச்சி எங்க வீட்டுல சௌக்கியமா இருக்காங்க. கவலப்படாதீங்க. அண்ணன் கைவிட்டுட்டாருன்னு வெளிய தெரிஞ்சா உங்களுக்குக் கொறச்சல்னு, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஒரு குத்தல் இல்லை, ஒரு குறை இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் போன பிறகு வெகுநேரம் அந்த மரத்தடியில் நின்றேன். எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள், தெரியாது. அடுத்த மாதம் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தபோது, அவரை விசாரிக்கும் வேலையை வேறு ஏட்டிடம் தள்ளிவிட்டிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த மூன்று நாள். முனவர் பேகத்துக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. முதல் நாளே அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி என் பக்கம் கை காட்டி, "ஏட்டய்யாகிட்ட சொல்லுங்கம்மா, ஏற்பாடு பண்ணுவார்" என்றார். இதை அவருடைய பாதுகாப்புக்காகச் சொல்கிறேன், அவர்மேல் தப்பில்லை. மத்தியானம் வஜிஹா வந்தாள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தும் ஊசியும். "அம்மாவே போட்டுக்குவாங்க சார். குடுத்தா போதும்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

நோன்பு மாதம். பிளாஸ்கில் என்ன என்று அதிகாரி கேட்டார். நோன்புக் கஞ்சி சார், சாயங்காலம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். இரண்டாம் நாள் முனவர் பேகம் சாப்பிடவில்லை, சுருண்டு படுத்திருந்தார். ஊசி போட்டாயிற்று, நோன்பு பிடிக்கிறார்கள் சார், இப்படித்தான் இருப்பார்கள் என்றேன். "அவங்க மத விஷயம், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அதிகாரி எல்லாருக்கும் உத்தரவு போட்டார். உண்மையில் முனவர் பேகம் அந்த வருடம் நோன்பு இல்லை. டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். வஜிஹா சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரங்கம்மா பதறிக்கொண்டு வந்தாள். "ஏட்டய்யா, தண்ணி தண்ணின்னு குடம் குடமா குடிக்கிறாங்கோ. எல்லாம் வாந்தி. மூச்சு இழுத்து இழுத்து வுடுறாங்கோ." ஆபீசரிடம் சொல்லியிருக்கிறேன், நீ போய்ச் சாப்பிட்டு வா என்று அனுப்பினேன். உள்ளே போனேன். முனவர் பேகம் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"சாந்தம்மா கொழந்தைக்குச் சளி சரியாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சு" என்றேன்.

"நான் யாருகிட்டயும் சொல்லல சார். அந்த ஊசிய மட்டும் குடுத்துருங்க."

கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்க் என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. உள்ளே ஐஸ் கரைந்திருந்தது. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்குச் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லலாம், வலி வந்தால் வாக்கு நிற்காது, பதினேழு வருடம் விசாரணையில் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று நினைத்தேன். நான் திரும்பியபோது ரங்கம்மாவும் அதிகாரியும் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பிளாஸ்கைக் கழுவி மறுநாள் வஜிஹாவிடம் நானே திருப்பிக் கொடுத்தேன். இறப்பு அறிக்கை எழுதியதும் நான்தான். கடைசிவரை பெயர் சொல்லவில்லை என்று அதில் குறித்திருக்கிறேன். அது அவருக்குப் பாதகமாக எழுதியது என்று நினைக்க வேண்டாம்.

இறந்த நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்குச் சாந்தம்மா பெங்களூரிலிருந்து வந்தாள். தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது, நீயும் வா என்றாள். போனேன். அவள் வஜிஹாவைக் கட்டிப் பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணன் போலீஸ்லதாம்மா கீறாரு. உங்கம்மாவ யாரு இப்படிப் பண்ணாங்கன்னு வெசாரிச்சிச் சொல்லுவாரு" என்றாள். வஜிஹா எனக்கு பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டே, "சொல்லுங்க சார்" என்றாள். அடுத்த ஐந்து வருடத்தில் அவள் கொடுத்த நான்கு மனுக்களும் விசாரணைக்கு என்னிடம்தான் வந்தன. நான்கிலும் மனுதாரர் கூற்றில் உண்மை இல்லை என்று எழுதி முடித்தேன். ஐந்தாவது மனு உங்களிடம் வந்துவிட்டது.

ஆகவே, ஊசியை நான்தான் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் இறந்துவிடுவார் என்று தெரிந்தே கொடுக்கவில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தண்டனை எதுவானாலும் சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் கோர்ட்டுக்கு அனுப்பும்போது என் தங்கையின் பெயர் வருகிற இடங்களை மட்டும் அடித்துவிடுங்கள். கூடப் பிறந்தவன் என்று ஒருவன் இருந்துகொண்டு அவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.