நரைத்த பிள்ளைகள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான இல்லத்தில் பணிபுரியும் இரு பெண்கள் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர்.

"நம்ம புள்ளைங்களுக்கே நரை வந்துடுச்சுக்கா," என்றார் இளையவர்.

"பின்ன? இல்லம் தொறந்தப்ப வந்தவனுங்க. உட்டுட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கல," என்றார் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த மூத்தவர்.

"வயசு மீறிடுச்சு, சொந்தக்காரங்க யாராவது 'இங்கயே இருக்கட்டும்'னு எழுதித் தரலன்னா வேற ஊருக்கு அனுப்பிடுவேன்னு ஆபீஸர் சொல்லிக்கினு இருக்காரே?"

"அதுக்குத்தானடி போறோம். நான்தான் அவனுங்களுக்கு அக்கான்னு எழுதித் தரப்போறேன்."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றது. இளையவர் சிரித்துவிட்டார்.

"எல்லாருக்குமா? கோட்டக்குப்பத்து ரஹீமுக்குமா?"

"அவனுக்குத்தான் மொதல்ல. நான் ஊட்டலன்னா அவன் சோறு திங்க மாட்டான்."