காற்றுக் கோப்பு

வீடு மாறும்போது பழைய சாமான்களில் பாதியை விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது என்று நினைப்பவன் நான். அலுவலகத்திலும் அப்படித்தான் செய்தேன்.

திருவொற்றியூரில் இருந்துகொண்டு, எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கிரேன்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். கோப்புகளும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் எஸ்.வி.என். என்ற பழைய கிடங்கில் இருந்தன. அவற்றை கிட் என்ற புதிய கிடங்குக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. குப்பை சேர வேண்டாம் என்று, தற்காலிகக் கோப்புகளுக்கென ‘டெம்ப்’ என்று பெயரிட்ட ஃபோல்டர்களை விட்டுவிடும்படி ஒரு வரி எழுதினேன். மாற்றம் முடிந்ததும் பழையது பூட்டப்பட்டது. திறக்கும் அனுமதி எனக்கு மட்டும்.

என்னோடு வேலை செய்யும் அலெக்ஸாண்டர் எதையும் டெம்ப்பில்தான் போட்டுவைப்பான். காற்று பலமானால் கிரேனின் சக்கரங்களைப் பூட்டும் கோப்பையும் அங்கேதான் வைத்திருந்தான். ஒரு புயலின்போது அவசரமாக எழுதியது. பிறகு இடம் மாற்றுகிறேன் என்றவன் மாற்றவே இல்லை. அந்தக் கோப்பு இல்லாமலும் கிரேன் ஓடும். காற்றடித்தால் நிற்காது, அவ்வளவுதான்.

“மச்சி, காத்து ஃபைல காணோம்டா. இன்னா பண்ணி வெச்சிகீற?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். “இவன் வூட்ட பெருக்கினா பெத்த புள்ளையயும் சேத்து வாரிடுவான்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் கோப்பு வரலாற்றோடு வந்துவிடும். “தேடிகினு கீறேன்” என்றேன். கொஞ்சம் தவித்தால் பொருளை அதனதன் இடத்தில் வைக்கக் கற்றுக்கொள்வான். அவன் மேல் எனக்கு அக்கறை உண்டு.

அந்த வாரம் அவன் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. ராயபுரம் கோயிலுக்குக் கிளம்பும்போது, “நான் வர வரைக்கும் யார்டுக்கு எதையும் அனுப்பாத மச்சி” என்றான். மேலாளர் அவசரப்படுத்தினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, புதிய கிடங்கில் இருந்ததை நானே அனுப்பினேன்.

கிரேன் ஓட்டும் வல்லரசு எங்கள் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் மசால் வடை வாங்கிவருவார். திங்கட்கிழமை மதியம் கடல்காற்று தள்ளி, தண்டவாள முனையில் கிரேன் கவிழ்ந்தது. அவர் கேபினுக்குள் இருந்தார்.

காற்றுப் பூட்டு அலெக்ஸாண்டரின் பொறுப்பு. விசாரணையில் அவன், கோப்பை எழுதினேன் என்றான். புதிய கிடங்கில் அதை எழுதிய சுவடே இல்லை. என்னைக் கேட்டார்கள். பழையதில் இருந்த அனைத்தும் வந்துவிட்டன என்றேன். அவன் இப்போது புழல் சிறையில் இருக்கிறான். வல்லரசு திரும்பி வரப்போவதில்லை. உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அலெக்ஸாண்டரின் மனைவி ஐரீன் ஞாயிறு பூசை முடிந்ததும் மகளோடு என் வீட்டுக்கு வருவாள். “வெற்றிண்ணா, அந்த ஃபைலு பழசுல எங்கனா கீதா பாருங்கண்ணா. கெடச்சா அவர வுட்ருவாங்கன்னு வக்கீல் சொல்றாரு.”

“தேடிகினுதாம்மா கீறேன்” என்பேன். முழுப் பொய்யில்லை. தினமும் பழைய கிடங்கைத் திறந்து அந்தக் கோப்பைப் படித்துவிட்டு மூடுவேன். நன்றாகவே எழுதியிருந்தான்.

போன ஞாயிறு அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். நம்பிக்கை ஒரு மனுஷியை இப்படித் தின்னக்கூடாது. மறுநாள் பழைய கிடங்கையும் அதன் நகலையும் அழித்துவிட்டேன். இனிமேலாவது அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.