பூவாயி கட்டின வேப்பிலை

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்டுக்கிட்டிருந்த காலத்துல, கல்லாத்துத் தோட்டத்துல, பூவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ரப்பர் பால்மரம் சீவுறவ. ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெருசு. நாங்கெல்லாம் அவ வழியில வந்தவங்கதான். அதனாலதான் எங்களுக்கும் வாய் அடங்க மாட்டேங்குது.

அப்போ சயாமுல ரயில் பாதை வேலைன்னு சொல்லி, தோட்டம் தோட்டமா லாரி வருமாம். ஆம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போகுமாம். போனவன் போனவன்தான். பூவாயியோட கொழுந்தன் பச்சையப்பனும் அப்படிப் போனவன்தான். "மூணு மாச வேலை, அரிசி தாராங்க"ன்னு ஏத்திவிட்டது கங்காணி ராசலிங்கம். பச்சையப்பன் திரும்பி வரவே இல்ல.

அடுத்த லாரிக்கு அவ புருஷன் சடையன் பேரு இருக்குன்னு பங்குனி மாசத்துல சேதி வந்துச்சாம். பூவாயி ஒரு நாள் பூரா யோசிச்சாளாம். மறுநாள் காலையில கோயில் வேப்பமரத்துல ஏறுனா, கொத்துக் கொத்தா ஒடிச்சா, லயத்துல வரிசையா இருக்கிற இருபது வீட்டு வாசல்லயும் கட்டிட்டாளாம்.

"லயம் பூரா ஆத்தா வந்திருக்கா"ன்னாளாம். அம்மை கண்டிருக்குன்னு அர்த்தம்.

ஜப்பான்காரனுக்குக் குண்டுன்னா பயம் இல்ல, தொத்து நோய்னா பயம். பாக்குறதுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் இல்ல, அவரையும்தான் சயாமுக்குக் கொண்டு போயிட்டாங்களே. லாரி வந்துச்சு, வேப்பிலையப் பாத்துச்சு, என்னன்னு கேட்டுச்சு, திரும்பிப் போயிடுச்சாம்.

எல்லாரும் சிரிச்சாங்களாம். பூவாயி சிரிக்கலையாம்.

"ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டோம். இனி ஆத்தா வந்த வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும். தாளிக்கக் கூடாது. கவிச்சி கூடாது. தலை சீவக் கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது."

"எத்தனை நாளைக்குடி?"

"லாரி வர்றது நிக்கிற வரைக்கும்."

பங்குனி போச்சு, சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனியும் போச்சு. வேப்பிலை வாட வாட பூவாயி மாத்துவாளாம். மரவள்ளிக்கிழங்கை வேகவச்சு, உப்பைப் போட்டுத் தின்னு தின்னு ஆளாளுக்கு நாக்கு செத்துப் போச்சாம்.

ஆடியில ஒரு மத்தியானம். யாருக்குப் பொறுக்கலைன்னு நினைக்கிறீங்க? அந்தச் சடையனுக்குத்தான். எவனோ ஒரு மலாய்க்காரன் குடுத்த கருவாட்டை, பொண்டாட்டி தண்ணிக்குப் போன நேரமாப் பாத்து, செம்பனை எண்ணெயில பொரிச்சானாம். யாரைக் காப்பாத்த இருபது வீடும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்துச்சோ, அந்த மகராசன்.

அந்த நேரம்தானா வரணும்? கங்காணி ராசலிங்கம் ஒரு ஜப்பான் சிப்பாயைக் கூட்டிக்கிட்டு லயத்துக்குள்ள வாரான். இத்தனை மாசமா அதென்ன அம்மைன்னு மேலிடத்துல கேட்டுட்டாங்களாம். சிப்பாய்க்கு அந்த வாசனையில ஒண்ணும் புரியல. கங்காணி நம்ம ஆளாச்சே, மூக்கைத் தூக்குனானாம்.

"பூவாயி, ஆத்தா வந்த வீட்டுல கருவாடா?"

பூவாயி அப்பத்தான் தண்ணிக் குடத்தோட வந்து நின்னா. கங்காணி அந்தச் சிப்பாய்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், புருஷன் மட்டும் இல்ல, லயத்து ஆம்பளைங்க அத்தனை பேரும் லாரியில.

ஆனா வாய் இருக்கே அவளுக்கு. "சந்தேகம்னா வாங்க கங்காணியாரே. உங்க கையாலயே அந்த வேப்பிலையை அவுத்துப் போட்டுட்டு, உள்ள போய்ப் பாருங்க"ன்னாளாம்.

கங்காணி கையைத் தூக்குனானாம். வேப்பிலைக்கும் விரலுக்கும் ஒரு சாண்தான். கை போகலையாம். சின்ன வயசுல அம்மை கண்டு பிழைச்சவன் அவன், முகம் பூரா தழும்பு. கையை இறக்கிட்டான். சிப்பாய் பக்கம் திரும்பி, "பியோக்கி, பியோக்கி"ன்னானாம். அவங்க பாசையில நோயின்னு அர்த்தம். சிப்பாய் வாயைப் பொத்திக்கிட்டு வந்த வழியே போயிட்டானாம்.

அன்னைக்குச் சடையன் வாங்குன வசவை நான் இங்க சொல்ல முடியாது.

ஆவணியில, ஜப்பான்காரன் தோத்துட்டான்னு சேதி வந்துச்சு. முதல்ல யாரும் நம்பலையாம். சிப்பாய்ங்க துப்பாக்கி இல்லாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரோட்டுல நடந்து போறதைப் பாத்த பிறகுதான் நம்புனாங்களாம். பூவாயி குழாயடியில உக்காந்து ஓன்னு அழுதாளாம். அத்தனை சந்தோசம், அத்தனை நிம்மதி. அப்புறம் எந்திரிச்சு, அண்டா அண்டாவா தண்ணி நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் கலக்கி, "வாங்க, ஆத்தா இறங்கிட்டா"ன்னு கூப்பிட்டாளாம்.

லயமே கூடிடுச்சு. கங்காணி மட்டும் தூரத்துல தனியா நின்னானாம். அவனைப் பாத்ததும் நாலு பேரு விறகுக்கட்டையைத் தூக்கிட்டாங்க. பூவாயி அவங்களை விலக்கிக்கிட்டுப் போயி, முதல் செம்புத் தண்ணியை அவன் தலையில ஊத்துனாளாம்.

"என் கொழுந்தனை ஏத்தி அனுப்புனவன் நீ. சாகுற வரைக்கும் அதை நான் மறக்க மாட்டேன். வேப்பிலையைத் தொடாம கையை இறக்குனியே, அதுக்குத்தான் இந்தத் தண்ணி."

அதுலருந்துதான் எங்க தோட்டத்துல ஆவணி வந்தா, நோய்நொடி இல்லாதவங்களும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறது. முதல் செம்பு மட்டும், யாரை மன்னிக்க முடியலையோ அவங்களுக்கு. மன்னிச்சுத்தான் ஊத்தணும்னு இல்ல. ஊத்துனா போதும்.