ஆவாரம்பட்டையில் இறங்கிய செம்பு

ஆவாரம்பட்டையை வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில் நான்கு நாள் உலர்த்தி, அதற்குப் பிறகுதான் இடிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் சார், உங்களுக்கு இது தேவையில்லாத விஷயமாகத் தோன்றலாம். இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

நான் பாளையங்கோட்டையில் வேதியியல் விரிவுரையாளன். பதினொரு வருஷமாக ஒரே ஆராய்ச்சி. செம்பு ஆக்சைடு என்பது ஒரு கறுப்புப் பொடி. அதிலிருந்து செம்பைப் பிரிக்கக் கரியும் உலையும் வேண்டும். நான் ஆவாரம்பட்டைக் கஷாயத்தையும் புளிக்கரைசலையும் சேர்த்துக் காய்ச்சியே பிரித்தேன். பட்டையின் துவர்ப்புச் சத்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, செம்பு சிவப்பாக அடியில் இறங்குகிறது என்று கட்டுரையும் எழுதினேன். கங்கைகொண்டான் பக்கம் இதற்கு ஒரு தொழிற்கூடம் போடலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை.

எலியேசர் என் துறையில் எனக்கு நான்கு வருஷம் இளையவர், சாத்தான்குளத்துக்காரர். குறுக்குத்துறை போகிற வழியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்கு வந்து உதவுவார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோமு அங்கே பாத்திரம் கழுவ வருகிறவள்.

பேச்சை ஆரம்பித்தது கோமுதான். ஒருநாள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "சார்வாள், இது மூணாவது சட்டி. அடி அப்பளமாத் தேஞ்சுபோச்சு. நீங்க பட்டைய வேகவைக்கியளா, சட்டிய வேகவைக்கியளா?" என்றாள்.

எலியேசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, பேசாம இவளுக்கு ஒரு டாக்டர் பட்டம் குடுத்திருவோம்" என்றார். பிறகு சட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நம் ஊரில் எதைக் குறுக்கிக் காய்ச்சினாலும் இரும்புச் சட்டிதான். நானும் அதைத்தான் வாங்கியிருந்தேன். எலியேசர் மறுநாள் அதே கஷாயத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நான்கு மணி நேரம் காய்ச்சினார். செம்பு இறங்கவில்லை. ஒரு இரும்பு ஆணியைப் போட்டார். பத்து நிமிஷத்தில் ஆணி சிவந்தது. புளியில் கரைந்த செம்பை இரும்பு வெளியே தள்ளிவிட்டு, அதன் இடத்தில் தான் கரைந்துகொள்கிறது. பள்ளிக்கூடப் பாடம்.

"பட்டைக்கு இதுல சோலியே இல்ல அண்ணாச்சி. கஷாயம் மை மாதிரி கறுத்தப்பவே நமக்கு உறைச்சிருக்கணும். இரும்பு கரைஞ்சாத்தான அப்படிக் கறுக்கும்? திங்கக்கிழமை நாமளே சொல்லிருவோம்."

"நான் சொல்லலைன்னா நீரு சொல்லுவீரா வே?"

"சொல்லித்தான் ஆகணும். கோவிச்சுக்கிடாதீங்க."

கோபம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவரைக் கொட்டகைக்கு வரச் சொன்னேன். கண்ணாடிச் சோதனையை எழுதிவைத்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் மீன் தொடமாட்டேன் என்று தெரிந்து, அவர் மனைவி லில்லி கத்தரிக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார்.

பட்டை இடிக்கிற உலக்கைக்கு அடியில் இரும்புப் பூண் உண்டு. அவர் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தார். முதல் அடி தோளில் பட்டது. அது என் தவறு, பழக்கமில்லை. கை தவறிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். "பாத்து அண்ணாச்சி" என்றார். இரண்டாவது பின்மண்டையில் விழுந்தது. முழங்காலிட்டு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு விரல் ஒடிந்தது. ஐந்தாவது அடிக்குப் பிறகு முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும் நிறுத்தவில்லை. பட்டையையும் நார் தெரிகிற வரைக்கும் இடித்துத்தான் எனக்குப் பழக்கம்.

கோமுவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு வழக்கம்போல வந்தாள். அதற்குள் நான் தரையைக் கழுவி, அவரைச் சாக்கில் கட்டி, பட்டை மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். "எதுக்கு சார்வாள் நீங்க கழுவுதிய? நான் வந்திருப்பேம்லா" என்று கடிந்துகொண்டாள். சட்டி தேய்ந்த கதையை அவள் ஆற்றங்கரையில் குளிக்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் வேறு குற்றமில்லை. தேய்க்க உட்கார்ந்தவளின் முந்தானையே போதுமானதாக இருந்தது. நினைத்ததைவிட நேரம் பிடித்தது. காலால் உதைத்து ஒரு பானையை உடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கினேன், கனமானதாகப் பார்த்து. லில்லியின் குழம்பையும் வீணாக்கவில்லை. உப்பு சற்றுக் குறைவு.

திங்கட்கிழமை குழுவினர் மூட்டைகளை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். செம்பு நன்றாக இறங்கியது. கை தட்டினார்கள். ஒருவர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ நாற்றம் என்றார். பட்டை ஊறினால் அப்படித்தான் என்றேன். மறுநாள் உங்கள் ஆட்கள் வந்து மூட்டைகளைப் புரட்டினார்கள்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கண்ணாடியில் செம்பு இறங்காது என்பதை எலியேசர் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்த வேண்டும். முதல் சட்டி வாங்குவதற்கு முன்னால் இரண்டு வருஷம் நான் கண்ணாடியில்தான் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.