கப்பலுக்கு முந்தின பங்க்

— இந்தா, இந்த மாண்டரினையும் தின்னுடு டெஸ். பையில இன்னும் கெடக்கு.

— போதும் கோரல். புளிப்பு நெஞ்சக் கரிக்குது.

— கப்பல் வாசல்ல பழத்தப் பாத்தா புடுங்கிக் குப்பையில போட்டுடுவான். டாஸ்மேனியாக்குள்ள ஒரு கொட்டகூடப் போகக் கூடாதாம்.

— பங்க்கத் தாண்டினதும் ரோட்டோரமா வண்டி செத்துக் கெடக்கு. பின்னால இழுத்துட்டு வந்த கேரவன் வீடு கெடக்கு. எந்தக் கப்பலுக்கு இப்ப பழம் தின்னச் சொல்ற?

— சும்மா உக்காந்தா பைத்தியம் புடிக்குது. அதான்.

— கேஸ் சிலிண்டர மூடணும்.

— மூடிட்டேன்.

— ரெண்டையுமா?

— ரெண்டையும். ஃப்ரிட்ஜ அணைச்சாச்சு, ஜன்னலெல்லாம் கொக்கி போட்டாச்சு. எல்லாம் தயார், கெளம்புறதுக்கு வண்டிதான் இல்ல.

— அந்த மெக்கானிக் பய போறப்ப உன்ன ஓரமா கூப்புட்டு என்ன சொன்னான்?

— உங்கிட்ட சொன்னதத்தான். டீசல் டாங்கில பெட்ரோல் போயிருக்கு, எஞ்சினும் ஓடிடுச்சு, பம்ப்பு கிம்ப்பு எல்லாம் போச்சுன்னான். ஒர்க் ஷாப்புக்கு இழுத்துட்டுப் போகணும். கேரவனுக்கு வேற லாரி அனுப்புவாங்களாம்.

— அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. காலையில கேன்ல இருந்த டீசல டாங்கில ஊத்தினேன்ல? கேன்ல எண்ணெயோட கப்பல்ல ஏறக் கூடாதுன்னு நீதான ஊத்தச் சொன்ன. அது பழசு. அதான் கெட்டுப் போயிருக்கு.

— கெட்ட டீசல் பெட்ரோல் வாசன அடிக்காது டெஸ்.

— விடு.

— மூடியத் தெறந்து நீயும்தான மோந்து பாத்த?

— விடுன்னேன்ல. நாப்பது வருஷம் ரோட் டிரெய்ன் ஓட்டினவன் நான். ஒரு லாரிக்குப் பின்னால மூணு டிரெய்லர். போர்ட் பிரீலேருந்து டார்வின் வரைக்கும் என்ன ஒருத்தன் கொற சொன்னதில்ல. நான் போயி பெட்ரோல் போடுவனா?

— நான் கொற சொல்லல.

— அப்பறம் அந்த மூஞ்சி எதுக்கு?

— நம்ம பொண்ணு டானிக்கு போன் பண்ணணுமேன்னு இருக்கு.

— இப்ப பண்ணாத.

— வியாழக்கெழம அவளுக்கு ஆபரேஷன். வயித்துல ரெட்டப்புள்ள. அவ புருஷன் கடல் நடுவுல எண்ணெய்க் கெணத்துல நிக்கிறான், மாசக் கடைசியிலதான் வருவான். அம்மா வருவா, அம்மா வருவான்னு ஒத்த ஆளா பாத்துட்டுக் கெடக்கா.

— அதான் சொல்றேன். நீ போ.

— எங்க?

— கப்பலுக்கு. இன்னைக்கு விட்டா கேரவனுக்குத்தான் அடுத்த மாசம் வரைக்கும் எடமில்லன்னு கப்பல் ஆபீஸ்ல சொன்னான். நடந்து ஏறுறவங்களுக்கு என்ன கொற? டாக்ஸிய வரச் சொல்லு, ஒரு பைய எடுத்துக்க, ஏறு. காலையில அங்க எறங்கினா மத்தியானம் டானி வீடு.

— நீ?

— நான் வண்டியோட இருக்கேன்.

— இருந்து?

— சரியானதும் ஓட்டிக்கிட்டு வர்றேன்.

— தனியாவா?

— ஏன், நீ பக்கத்துல இருந்து ஸ்டீயரிங்கப் புடிச்சியா என்ன?

— புடிக்கல. வாயத் தெறந்துக்கிட்டே வந்தேன். ரவுண்டானா வருது, ரெண்டாவது வழின்னேன். முன்னாடி லாரி பிரேக் போடுறான்னேன். செவப்பு விழுந்துடுச்சுன்னேன். போர்ட் பிரீலேருந்து தொண்டத் தண்ணி வத்த வத்தக் கத்திக்கிட்டு வர்றேன். முன்னெல்லாம் நான் ஒரு வார்த்த சொன்னா எரிஞ்சு விழுவ. நீ ஓட்டுறியா நான் ஓட்டட்டுமாம்ப. இப்ப நான் வாய மூடினா, என்ன கோரல் சத்தத்தக் காணோங்குற.

— பேச்சுத் தொணைக்குக் கேட்டேன்.

— ஹார்ஷம் தாண்டினதும் நான் அசந்து தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா வெட்டவெளியில, ஒரு மரங்கூட இல்லாத எடத்துல வண்டி நிக்குது. எஞ்சின அணைச்சுட்டு ரெண்டு கையும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. ஏன் நிறுத்தினன்னு கேட்டா டீ குடிக்கத் தோணுச்சுன்ன.

— தோணுச்சு.

— நீ டீய கையால தொட்டு எத்தன வருஷம் ஆச்சு?

— அந்தப் பழப் பைய மூடி வை.

— பாலரட்ல அந்தப் பள்ளிக்கூட வாசல்...

— நான் பாத்துட்டேன். அந்தப் பொம்பளய நான் பாத்துட்டேன்.

— நான் கத்தினப்பறம் பாத்த. புள்ளைங்க ரோட்டத் தாண்ட, நில்லுன்னு எழுதின பலகைய நீட்டிக்கிட்டு ரோட்டு நடுவுல நிக்குறா, பின்னால புள்ளைங்க வரிசையா எறங்குதுங்க. பலகையால நம்ம பானட்டுல அடிச்சா டெஸ். அவ்வளவு கிட்ட. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

— நிறுத்துனேன்ல?

— நிறுத்தின. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வண்டியோட கப்பலுக்குள்ள ஏறினா ஒரு பையன் முன்னால நின்னு கையக் காட்டுவான். இடது, வலது, வா, நில்லு. போன தடவ ஏறினோமே, ஞாபகம் இருக்கா? சுவத்துக்கும் நமக்கும் ஒரு சாண்தான் எடம். அந்தப் பையனோட கை இப்ப உன் கண்ணுக்குத் தெரியுமா?

— வெளிச்சம் இருந்தா தெரியும்.

— டெஸ்.

— ஓரத்துல தெரியும்.

— நடுவுல?

— நடுவுல கரி பூசின மாதிரி இருக்கு. உன்ன நேரா பாத்தா உன் காது தெரியுது, தோளு தெரியுது. மூஞ்சி இருக்காது.

— எப்பலேருந்து?

— ஈஸ்டருக்கு முன்னாடியே.

— அடப்பாவி. டாக்டர்கிட்ட போனியா?

— போனா என்ன சொல்லுவான்? லைசென்ஸ வாங்கி வெச்சுக்குவான். அப்பறம் நான் என்ன பண்றது? கேரவன ஷெட்டுல போட்டுட்டு வாசல்ல போற வர்ற வண்டிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா? நீ கேரவன இழுக்கக் கத்துக்கவும் மாட்டேன்னுட்ட.

— மாட்டேன்னுதான் சொன்னேன். பயமா இருந்துச்சு. இப்பவும் பயந்தான்.

— டானிய ஒரு தடவ பாத்துட்டா போதும்னு நெனச்சேன் கோரல். இந்த ஒரு பயணம். புள்ளைங்களக் கையில வாங்கிட்டு, அங்கயே சாவிய உங்கிட்ட குடுத்துடலாம்னு இருந்தேன். சத்தியமா.

— நம்புறேன்.

— கெடுத்துட்டேன். என் வீம்பால எல்லாத்தையும் கெடுத்துட்டேன். நீ என்னத் தனியா விட்டுட்டுக் கப்பல் ஏறவும் மாட்ட. ஆபரேஷன் மேஜையில அவ கையப் புடிக்க ஒரு ஆளில்லாம பண்ணிட்டேன். போனக் குடு, நானே சொல்றேன். உங்கப்பன் குருட்டுப்பய, பங்க்குல என்ன போடுறோம்னு தெரியாம போட்டுட்டான், அம்மா மேல தப்பு இல்லன்னு சொல்றேன்.

— வேணாம்.

— குடு கோரல். இதையாவது செய்ய விடு.

— வேணாம் டெஸ். அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது? குழாய்ல எழுத்து தெரியல. கலரும் ஒண்ணுபோலதான் இருந்துச்சு. உன்னக் கூப்புட்டுக் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. நீ வேற ஜன்னல்ல தலையச் சாச்சிருந்த, தூங்குற போலன்னு விட்டுட்டேன். நீ மட்டும் முழிச்சிருந்தா இந்த நெலம வந்திருக்குமா?

— முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— என்ன?

— பக்கத்துக் கண்ணாடியில உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் டெஸ். நீ தடவித் தடவி பெட்ரோல் குழாய எடுத்தத பாத்தேன். எறங்கலாம்னு கதவுல கைய வெச்சேன், அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கண்ணுல வந்துச்சுங்க, வண்டி இதோட நிக்கட்டும்னு கைய எடுத்துட்டேன்.