யானை நின்ன எடம்

டேங்க்க அங்க வெக்க வேணாம் மேஸ்திரி. நடுமாடியில வேணவே வேணாம். மாடிப்படி ரூம் கூரையில விழற மழைத்தண்ணி நேரா இங்க எறங்கும், பைப்ப வளைக்க வேண்டியதில்லன்னுதான சொல்ற? வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போவட்டும். இந்தா, இந்த மூலையில வை. கீழ செவுரும் செவுரும் சேர்ற எடம் இது.

சிரிக்காத. ஆயிரம் லிட்டருன்னா ஆயிரம் கிலோ. ரெண்டு மழை பேஞ்சா ரொம்பிரும். அப்பறம் எழுந்திரிக்காம அங்கயே உக்காந்திருக்கும்.

என்னா? ஆமா, யானைக் கதை என்னுதுதான். டீக்கடை ஆஞ்சப்பன் சொன்னானா? மத்திகிரி பூரா தெரியுமே! ஜவளகிரி காட்டுல இருந்து என் டேங்க் தண்ணிய மோந்துகிட்டே வந்துச்சு. கர்நாடகா யானை, கன்னடத்துலதான் பிளிறுச்சு. படியில திரும்ப எடமில்லன்னு பின்பக்கமாவே ஏறுச்சு, அம்புட்டு வெவரம். நடுமாடியில நின்னு பூராத் தண்ணியும் குடிச்சுட்டு, எம்மேல ஒரு வாய் கொப்புளிச்சுட்டுப் போச்சு. மாடியில ஒரு கீறல் வுழணுமே? ஊஹூம். எட்டு வருசமாச் சொல்றன். வருசத்துக்கு ஒரு அடி யானை வளர்ந்துகிட்டே இருக்குது.

நடுவுல இந்த எடம் மட்டும் ஏன் வெளுப்பா இருக்குதா? அது புது காங்கிரீட்டு. ரெண்டு வருசந்தான் ஆச்சு.

இரு இரு. கேட்டுச்சா? கீழ கட்டில இழுக்கற சத்தம்?

கேக்கலியா. செரி, வுடு. கம்பெனி பஸ்சு வந்து எறக்கிவுடற நேரமாச்சு, அதான்.

ஆமா, கீழ்வீடு பூட்டித்தான் கெடக்குது. சாவி இந்தா, என் இடுப்புல. ஆளில்லாத வீட்டு மேல எங்க வெச்சா என்னாங்கற. நீ கேப்ப.

கமலக்கண்ணன்னு ஒருத்தன் குடியிருந்தான். விருதுநகர்ப் பக்கம். நைட் ஷிப்டு முடிச்சு ஏழரைக்கு வருவான், பகல் பூராத் தூங்குவான். ரூமுக்கு நடுவுல ஃபேனு, அதுக்குக் கீழ கட்டிலு. என் கதைக்கு அவனாட்டம் சிரிச்ச ஆளு இந்தத் தெருவுல ஒருத்தரும் கெடையாது.

டேங்க்கு அப்ப நடுவுலதான் இருந்துச்சு. வெச்ச மேஸ்திரி அன்னிக்கே செவுத்து மேல வெக்கணும்னான். நாந்தான் பைப்பு நேரா வரட்டும்னன்.

ஐப்பசியில நாலு நாளு வுடாத மழை. அஞ்சாவது நாள் காலைல இங்க ஏறி வந்தான். ஐயா, ஃபேன் கொக்கிகிட்ட ஒரு கோடு தெரியுது, மண்ணு உதிருது. கட்டில செவுத்தோரம் போட்டுட்டேன், காத்தே வரல, தூக்கம் போச்சு. டேங்க்க கொஞ்சம் காலி பண்ணுங்களேன்னான். வாயத் தொறந்து கேட்டான், மேஸ்திரி. எனக்குத்தான் ரொம்பின மழைத்தண்ணியத் தெருவுல வுட மனசு வரல.

யானையே நின்ன மாடிடா இது, போய்க் காத்தாடத் தூங்குன்னன்.

சிரிச்சான். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். அப்படியே கீழ போனான். நானு இங்கதான் நின்னுட்டிருந்தன். தர்ர்ர்னு கட்டில மறுபடி ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டான்.

பதினோரு மணிக்கு மாடி டேங்க்கோட கட்டில் மேல எறங்கிருச்சு.

என்னா கேட்ட? யானையா?

யானை ஏது மேஸ்திரி. நீ மூலையில வை.